காற்றில்லாத அறை

காங்கேயத்துக்கு மேற்கே டேங்கர் லாரி கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே அலுமினியம் பற்றவைப்பதில் கோகிலவாணியை மிஞ்ச ஆள் இல்லை. அவர் போட்ட தையல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே அளவுச் செதில்களாகக் கிடக்கும், மீன் முதுகு மாதிரி.

அவரிடம் மாணவராகச் சேர்ந்தவர் சென்னியப்பன். வயதில் கோகிலவாணிக்குப் பதினெட்டு மூத்தவர். இரும்பிலேயே தலை நரைத்தவர். இரும்பு டேங்கருக்கு இனிமேல் ஆள் தேவையில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். அலுமினியம் கைக்கு வந்தால் இருக்கலாம், வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

இரும்பு அவர் பேச்சைக் கேட்டது. அலுமினியம் கேட்கவில்லை.

"அம்மிணி, ஆர்க் நிக்க மாட்டேங்குதுங்க."

கோகிலவாணி வந்து, அவர் கையிலிருந்த பற்றவைப்பு டார்ச்சின் முனையில் ஆடிய மின்தீயைப் பார்த்தார்.

"இந்த பிரஷ்ஷுல இரும்பு தேச்சீங்களா?"

"தேச்சனுங்க."

"இரும்பு தேச்ச பிரஷ்ஷ அலுமினியத்துல தேக்கக் கூடாதுங்கண்ணா."

புது பிரஷ் வந்தது. இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் கூப்பிட்டார். ஆர்க் கிளம்பும் டங்ஸ்டன் ஊசியின் முனை உருகிய அலுமினியத்தைத் தொட்டுக் கறுத்திருந்தது. கோகிலவாணி முனையை ஒடித்துவிட்டு வேறு முனை தீட்டித் தந்தார். அடுத்த முறை, மின்சாரம் திரும்பிப் போகும் எர்த்து கிளாம்ப். அது பெயிண்ட் அடித்த சட்டத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. தகட்டிலேயே கடிக்க வைத்தார்.

ஒவ்வொன்றுக்கும் ஆர்க் கொஞ்சம் அடங்கியது. முழுக்க அடங்கவில்லை. நன்றாக நின்றுகொண்டே இருக்கும், சட்டென்று ஒரு பக்கம் சாயும். தையலில் கரி படியும். மறுபடி நிமிரும்.

பெயிண்டர் வீரமலை இதைப் பார்த்துக்கொண்டே போவான்.

"அண்ணோவ், உங்க தீ சாமியாடுதுங்க. பூசாரியைக் கூப்புடட்டுங்களா?"

"போடா டப்பா."

"நெசமாத்தானுங்க. பின்னால யாரோ நின்னு ஊதறாப்புல இருக்குது."

சிரிப்பாகத்தான் சொன்னான். சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

அன்றிலிருந்து தொல்லை பிடித்தது. ஹெல்மெட்டை இறக்கினால் ஆர்க்கும் அதைச் சுற்றி உள்ளங்கை அளவு இடமும்தான் தெரியும். மற்றதெல்லாம் இருட்டு. அந்த இருட்டில் யார் நிற்கிறார்கள், யார் நிற்கவில்லை என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. ஆர்க் சாயும்போதெல்லாம் அவருக்குப் பின்கழுத்து சில்லிட்டது. ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்ப்பார். காலி முற்றம். கயிற்றில் தொங்கும் தார்ப்பாய் மெல்ல உப்பும், மெல்ல வடியும்.

ஒருநாள் கேட்டே விட்டார்.

"இங்க யாராச்சும் செத்துருக்கறாங்களா அம்மிணி?"

"இந்தப் பட்டறையிலங்களா? இல்லீங்களே. ஏனுங்க?"

"யாரோ ஊதறாங்க."

கோகிலவாணி சிரிக்கவில்லை. விரலை எச்சில் தொட்டு, அவருடைய தோளுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"காத்துங்கண்ணா. ஆடி மாசம் பாலக்காட்டுப் பக்கமிருந்து வர்ற காத்து. டார்ச்சுலருந்து வர்ற ஆர்கான் வாயு, ஆர்க்குக்குக் குடை புடிச்சாப்புல நிக்கோணும். காத்து குடையத் தள்ளீருது."

அவருக்குப் பின்னால் இன்னொரு தார்ப்பாயைக் கட்டினார். டார்ச்சைத் தகட்டுக்கு இன்னும் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார்.

"இதுக்கு மேலயும் கொஞ்சம் ஆடுமுங்க. அது போற போக்குல கையும் கூடப் போகோணும்."

"ஆடாமலே நிக்காதுங்களா?"

கோகிலவாணி தார்ப்பாயின் முடிச்சை இறுக்கினார்.

"எதுக்குங்க ஆடாம நிக்கோணும்?"

சென்னியப்பனுக்கு இது பதிலாகப் படவில்லை. ஆசான்மார் கடைசி வித்தை ஒன்றை மடியில் முடிந்து வைத்திருப்பார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். தனக்குச் சொல்லாமலும் ஒன்று முடிந்து வைக்கப்பட்டிருக்கிறது என்று நினைத்தார்.

அவராகவே தேடத் தொடங்கினார். வாயு மீட்டரை எட்டிலிருந்து இருபதுக்கு ஏற்றினார். ஆர்க் முன்னைவிட மோசமாகத் துடித்தது.

"குடை பெருசாப் போனா அதுவே வெளிக்காத்தை உள்ள இழுக்குமுங்க" என்று சொல்லிவிட்டு, கோகிலவாணி மீட்டரைப் பழைய இடத்துக்கே இறக்கினார்.

அப்போது தேங்காய் எண்ணெய் டேங்கர் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். புத்தம் புதுசு. இன்னும் ஒரு சொட்டு எண்ணெய் பார்க்காதது. உள்ளே மூன்று அறைகள். அறைக்கும் அறைக்கும் நடுவே மெல்லிய தடுப்புத் தகடு.

"நடு அறைத் தையல் நீங்க போடுங்கண்ணா. அது நல்லா வந்தா மொதலாளிகிட்ட நான் பேசறேன்."

சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கும்பிடறது இருக்கட்டும். இதைக் கேளுங்க. மேல் மூடி தொறந்தே இருக்கோணும். அடிக்குழாயும் தொறந்தே இருக்கோணும், அது வழியா புளோயர் காத்தை வெளிய இழுத்துட்டே இருக்கும். இடுப்புல கயிறு. கயித்து மறுமுனை மேல, பாரம் தூக்கற செயின் பிளாக்குல. நான் வெளிய கீழ உக்காந்து அப்பப்ப டேங்க்கைத் தட்டுவேன், நீங்க உள்ளயிருந்து சுத்தியல்ல பதிலுக்குத் தட்டோணும்."

"தட்டலீன்னா?"

"ஏன்னு கேட்டுட்டு உக்காந்திருக்க மாட்டேனுங்க. இழுத்துருவேன்."

சென்னியப்பன் உள்ளே இறங்கினார். அறையின் அடிமூலையில் குந்தி, ஆர்க்கைப் பிடித்தார். அது சாய்ந்தது. புளோயர் இழுக்கும் பக்கமாக, யாரோ தலையைப் பிடித்து அழுத்துவது போலச் சாய்ந்தது.

ஹெல்மெட்டைத் தூக்கினார். சுற்றிலும் பார்த்தார். நான்கு பக்கமும் வழவழவென்று அலுமினியம். காற்று வரும் வழி மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டே இரண்டு.

முட்டிக்குக் கீழே விரித்திருந்த சாக்கை எடுத்தார். கயிறும் டார்ச் குழாயும் போகும் இடத்தை மட்டும் விட்டு, மேல்வாயில் செருகினார். துடைக்கிற துணியைச் சுருட்டி அடிக்குழாயில் திணித்தார். வெளியே புளோயர் அதே சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. துணியைத்தான் அது இழுத்துக்கொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

திரும்ப ஆர்க்கைப் பிடித்தார்.

நின்றது.

கருவறையில் தூண்டாமணி விளக்கு நிற்குமே, அப்படி நின்றது. அவர் டார்ச்சை நகர்த்தினால் நகர்ந்தது, நிறுத்தினால் நின்றது. உருகிய அலுமினியம் கண்ணாடி போலத் தெளிந்து கிடந்தது. உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பியை நீட்டினார். ஒரு செதில். இன்னொரு செதில். கோகிலவாணியின் தையலைப் போலவே.

டொம், என்று வெளியே தட்டினார்கள். அவர் பதிலுக்குத் தட்டினார்.

தையல் கீழே இறங்க இறங்க அவரும் கீழே சாய்ந்தார். கடைசியில் கன்னம் தகட்டைத் தொட, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார். அது சௌகரியமாகவே இருந்தது. இருமல் இல்லை, நாற்றம் இல்லை, மூச்சு முட்டவும் இல்லை. புளோயர் சத்தம் பக்கத்து ஊரில் ஓடுகிற அரைவை மில் போலக் கேட்டது.

பின்கழுத்தில் யாரும் இல்லை. ஊதிக்கொண்டிருந்தவர் போய்விட்டார் என்று சென்னியப்பனுக்குத் தெரிந்தது. வந்த நாளிலிருந்து இப்போதுதான் தனியாக இருந்தார்.

டொம்.

பதிலுக்குத் தட்டினார்.

கம்பியை நீட்டும் கையைப் பார்த்தார். அது தன்னுடையதைப் போலத் தெரியவில்லை. தன்னுடையதைவிட நல்ல கை. பதற்றமில்லாத கை. யாருடையதாக இருந்தாலும் இருக்கட்டும், நன்றாக வேலை செய்கிறது, நாம் எதற்கு நடுவில் என்று ஒதுங்கிக்கொண்டார்.

டொம்.

தட்டினார்.

டொம், டொம். தட்டிக்கொண்டேதானே இருக்கிறேன், ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு முகத்தில் காற்று அடித்தது. முரட்டுக் காற்று, புழுதியோடு.

சென்னியப்பன் தரையில் கிடந்தார். வீரமலை அவர் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே அழுதான். மேலே செயின் பிளாக் ஆடிக்கொண்டிருந்தது. தலை வெடித்துவிடும் போல வலித்தது.

"எதுக்கு இழுத்தீங்க? நான்தான் பதில் தட்டினனே."

"மொதல் தடவை தட்டுனீங்க" என்றார் கோகிலவாணி. செயின் இன்னும் அவர் கையில் இருந்தது. "அப்புறம் இல்லீங்க."

"ஒவ்வொரு தடவையும் தட்டினேன் அம்மிணி."

"சுத்தியல் எங்கீங்க?"

சென்னியப்பன் கையைப் பார்த்தார். விரல்களுக்கு நடுவே ஃபில்லர் கம்பி துண்டு. சுத்தியலை, உள்ளே இறங்கியதும் அறையின் அந்தக் கோடியில் சாய்த்து வைத்தது ஞாபகம் வந்தது. முதல் முறை எட்டி எடுத்துத் தட்டியதும், திரும்ப அங்கேயே சாய்த்ததும் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கோடிக்குப் போனது ஞாபகம் வரவில்லை.

கம்பித் துண்டைக் கீழே வைத்தார்.

"அது நின்னுச்சுங்க."

வீரமலை தேய்ப்பதை நிறுத்தினான்.

"ஒரு மயிரிழை ஆடலீங்க. இத்தனை வருசத்துல அப்படியொரு ஆர்க்கை நான் பாத்ததே இல்ல. அதைத்தானுங்களே நீங்க எனக்குச் சொல்லாம வெச்சிருந்தீங்க?"

கோகிலவாணி எழுந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வருதுங்க. அதுக்குள்ள ஒண்ணு பாத்துருங்க."

டீக்கடை மிக்சர் டப்பாவின் மூடியில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டார். கம்பியில் கட்டினார். காற்றில் மூன்று குச்சி வீணாகி, நான்காவதில் திரி பற்றியது. வீரமலையின் தோளைப் பிடித்துக்கொண்டு சென்னியப்பனும் டேங்கர் மேல் ஏறினார்.

வாயோரம் சரிந்து கிடந்த சாக்கை விலக்கிவிட்டு, கோகிலவாணி விளக்கை மெல்ல உள்ளே இறக்கினார்.

வாயருகே தீ தடுமாறியது. உள்ளே போனதும் அடங்கியது. இன்னும் கீழே போனதும் நிமிர்ந்தது. அசையாமல், அழகாக நின்றது. சென்னியப்பன் அந்த நிலையை அடையாளம் கண்டுகொண்டார்.

இன்னும் ஒரு சாண் இறங்கியது.

தீ திரியை விட்டு எழுந்தது. ஒரு கணம் தனியாக அந்தரத்தில் நின்றது. பிறகு இல்லை. யாரும் ஊதவில்லை, கிள்ளவில்லை. மிஞ்சிய புகை மேலே வராமல், கண்ணுக்குத் தெரியாத தண்ணீரின் மேல் விரித்த துணி போலத் தட்டையாகக் கிடந்தது.

கோகிலவாணி விளக்கைத் தூக்கினார். மறுபடி கொளுத்தி மறுபடி இறக்கினார். அதே ஆழம். தீ எழுந்தது, நின்றது, போனது.

மூன்றாவது முறை கொளுத்தும்போது சென்னியப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதுங்க." பிறகு, தணிந்த குரலில், "அங்க யாருங்க இருக்கறாங்க?"

"யாரும் இல்லீங்க" என்றார் கோகிலவாணி. "காத்தைவிடக் கனமான ஆர்கான்தான் அடியில ரொம்பியிருக்குது. வேற ஒண்ணுமே இல்லீங்க."

ஆட்டோ வந்தது. சென்னியப்பனை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை திரும்பி வந்தார். தன் சாமான்களை எடுத்துப் பையில் போட்டார். ஹெல்மெட், கையுறை, புது பிரஷ்.

"எங்கீங்க கெளம்பீட்டீங்க?"

"சொன்ன சொல்லை மீறிட்டேன். வேலையும் முடிக்கல. இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டு இருக்கறதுங்க?"

"மூணாவது அறை இருக்குதுங்களே. அதுக்கு ஆள் வேணும்." கோகிலவாணி தன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். "நடு அறையில நீங்க விட்ட மீதியை நான் போடறேன். நீங்க மேல உக்காருங்க."

அடிக்குழாயில் துணி இல்லை. மேல்வாய் திறந்திருந்தது. புளோயர் காலையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது. முதலில் விளக்கை இறக்கிப் பார்த்தார்கள். அடித்தகடுவரை போய், குழாய்ப் பக்கம் சாய்ந்து, பதறிப் பதறி எரிந்தது. அணையவில்லை.

கோகிலவாணி உள்ளே இறங்கினார்.

சென்னியப்பன் மேல்வாயின் ஓரம் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டார். உள்ளே ஆர்க் பற்றியது. அலுமினியச் சுவர் முழுக்க வெளிச்சம் குதித்தது. சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. கோகிலவாணியின் நிழல் சுவரில் பெரிதாகிச் சிறிதாகியது. சென்னியப்பன் விட்டுப்போன கடைசிச் செதிலிலிருந்து புதுச் செதில்கள் ஒவ்வொன்றாக முளைத்தன.

அடுத்த செதில் விழ நேரமானது. சென்னியப்பன் கயிற்றை இறுகப் பிடித்தார். உள்ளே குனிந்து கூப்பிட்டார்.

"அம்மிணி!"

பதில் இல்லை.

"அம்மிணி, ஆர்க் ஆடுதுங்களே!"

ஹெல்மெட்டுக்கு உள்ளிருந்து குரல் வந்தது.

"நான் ஒருத்தி உள்ள மூச்சு விட்டுட்டு இருக்கறனுங்களே அண்ணா. ஆடாம என்ன பண்ணும்?"