நாற்பத்தொரு புகார்

நியாயம் சொல்வதில் தங்களை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். இந்தக் கதை அவர்களுக்காக. மற்றவர்களும் கேட்கலாம், தடையில்லை.

‘கடல்கோட்டை’ என்று ஒரு வீடியோ கேம். குழுவுக்கு ஐந்து பேர்; எதிரியின் கோட்டையைப் பிடித்தால் வெற்றி. காதில் ஹெட்போன், வாயருகே மைக் என்று எல்லோரும் கத்திக்கொண்டேதான் ஆடுவார்கள். ஆம்பூர் சபீனாவின் குழு மட்டும் மைக்கை மூடிவிட்டு ஆடும். அந்த ஐவரும் பெண்கள். பெண் குரல் என்று தெரிந்த மறுநொடி எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பேச்சை எழுத எனக்கே கூசுகிறது. அதனால் திரையிலுள்ள வரைபடத்தில் புள்ளி வைத்தே பேசிக்கொள்ளப் பழகியிருந்தார்கள். ஒரு புள்ளி என்றால் வா, இரண்டு என்றால் ஓடு. குழுவின் பெயர் ‘ஊமைவெயில்’.

மைக்கைத் திறந்திருந்த நாட்களில் காதில் விழுந்ததையெல்லாம் எழுதி, ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தாள் சபீனா. மொத்தம் நாற்பத்தொரு புகார். ஒன்றுக்குக்கூடப் பதில் வரவில்லை.

அப்படி வாய் திறக்காமல் ஆடிய குழுதான் கோவையில் நடந்த மாநிலப் போட்டியில் முதலிடம் பிடித்தது. வென்றவர்களுக்குக் கோப்பையோடு ஜகார்த்தாவில் நடக்கும் சர்வதேசப் போட்டியில் ஆட ஓர் இடமும் உண்டு. இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு அவர்கள் ஆடியதே அந்த இடத்துக்காகத்தான்.

ஆனால் தலைமை நடுவர் தமயந்தி ஒரு விதி வைத்திருந்தார். மேடை மைக்கில் ஆட்டத்தைப் பற்றி மட்டுமே பேசலாம். வேறு எது பேசினாலும் பரிசு அடுத்த இடத்துக் குழுவுக்குப் போய்விடும். கெட்ட எண்ணத்தில் வைத்ததல்ல. முந்தைய ஆண்டு வென்றவன் மைக்கைப் பிடித்து, தோற்றவர்களின் ஊரையும் குடும்பத்தையும் இழுத்துப் பேசியதில் அரங்கில் நாற்காலிகள் பறந்தன. அதற்குப் பிறகு வந்த விதி அது.

கோப்பையை வாங்கிய சபீனா தன் தோழிகள் நால்வரையும் திரும்பிப் பார்த்தாள். “சொல்லுடி” என்றாள் ஒருத்தி. மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

“நாங்க குடுத்த நாப்பத்தோரு புகாருக்குப் பதில் சொல்லுங்க” என்று மேடை மைக்கில் நிறுவனத்தாரைக் கேட்டாள் சபீனா.

தமயந்தி அருகில் வந்தார். “ரூல் தெரியும்ல சபீனா?”

“தெரியும் மேடம்.”

தமயந்தி கோப்பையை வாங்கிக்கொண்டார். அன்று ஆடியவர்களில் அவருக்கு மிகவும் பிடித்தவள் சபீனாதான்.

இரண்டாம் இடம் தூத்துக்குடிக் குழு, தலைவன் ஜெனிஸ்டன். கோப்பை அவன் கைக்கு வந்தது. அவன் மைக்கை நோக்கி நடந்தான். அவன் குழுவில் ஒருவன் மட்டும் “வேண்டாம்ல” என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஜெனிஸ்டன் கையை உதறினான்.

“நாப்பத்தோரு புகாருக்கும் பதில் சொல்லுங்க. அதுல மூணு எங்க டீம் ஆள் மேலதான், அவன் பேசினது எங்க காதுலயும் விழுந்துச்சு. அதுக்கும் சேத்துச் சொல்லுங்க.”

தமயந்தி மறுபடி வந்தார், மறுபடி வாங்கினார். மூன்றாம் இடத்துச் சேலம் குழுவின் லோகமித்ரனும் அதையே கேட்டான், சற்று ராகம் போட்டே கேட்டான். அதற்குள் அரங்கமே எழுந்து நின்றுவிட்டது. முன்வரிசையில் இருந்த நிறுவனத்தார் தங்கள் செல்போனில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மிஞ்சியது நான்காம் இடம், தேனித் தவசிக்குமார். அவன் கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றான். வாயே திறக்கவில்லை. “பேசுடா!” என்று கத்தினார்கள். பேசவில்லை. “இறங்குடா!” என்றார்கள். ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து அவன் தோளில் பட்டது. அப்போதும் பேசவில்லை. வேறு வழியின்றி, கோப்பை தேனிக்கே என்று தமயந்தி அறிவித்தார்.

அதன் பிறகுதான் அவன் மைக்கை விட்டு விலகி நடுவரிடம் வந்தான். “மேடம், இனிமே இத எங்ககிட்டருந்து வாங்க முடியாதுல்ல?”

“முடியாது.”

“அப்ப இதையும் ஜகார்த்தா இடத்தையும் நாங்க சபீனா டீமுக்குக் குடுத்தா தப்பா?”

தமயந்தி விதிப் புத்தகத்தை வரி வரியாகப் பார்த்தார். பேசியவர் பரிசை இழப்பார் என்று இருந்தது. இன்னொருவர் கொடுத்தால் வாங்கக் கூடாது என்று எங்குமே இல்லை. “தாராளமா குடுப்பா” என்றார்.

கோப்பை சபீனாவிடம் திரும்பி வந்ததும் எழுந்த ஆரவாரத்தில் கூரை பிய்ந்துகொண்டு போகும் போலிருந்தது. அவள் மறுபடி மைக் முன்னால் வந்தாள். “வடக்கு வாசல்ல நாங்க கடைசியா அடிச்ச அடி ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றாள். ஆட்டத்தைப் பற்றிய பேச்சுதான். நடுவரால் ஒன்றும் செய்ய முடியாது.

மறு வாரமே அத்தனை புகாரையும் விசாரிக்க நிறுவனம் ஆட்களை நியமித்தது.

இப்போது சொல்லுங்கள். கைக்கு எட்டிய பரிசை முதலில் இழந்தவள் சபீனா. தான் வைத்த விதியைத் தனக்குப் பிடித்தவளிடமும் தளர்த்தாதவர் தமயந்தி. நாலாயிரம் பேரின் ஏச்சை வாங்கிக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றவன் தவசிக்குமார். நடுவில் பேசியவன் ஜெனிஸ்டன். லோகமித்ரனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பாவம். இவர்களில் யார் செய்தது பெரிது?

விடை: ஜெனிஸ்டன் செய்தது. கோப்பை சபீனாவுடையது, அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அவள் கேட்டது தனக்கு நேர்ந்த அநியாயத்துக்கு. தமயந்தி தன் கடமையைச் செய்தார். தவசிக்குமாருக்கு அந்த ஏச்சு ஐந்து நிமிடத்தில் கைதட்டலாக மாறும் என்று முன்பே தெரியும். லோகமித்ரன் பேசும்போது கூட்டம் அவன் பக்கம் இருந்தது. ஜெனிஸ்டனுக்கு அப்படி எந்தத் துணையும் இல்லை. வரப்போகும் பதில் தன் ஆளைத்தான் சுடும் என்று தெரிந்தே கேட்டான். விசாரணையில் முதல் தீர்ப்பும் அவன் குழுவுக்கே வந்தது: சட்டையைப் பிடித்து இழுத்தவனுக்கு ஓராண்டுத் தடை. தடையை எதிர்த்து மேல்முறையீடு செய்வதற்கென்று வந்த படிவத்தில் ஜெனிஸ்டன் கையெழுத்துப் போடவில்லை.