மலையில் ஒரு கிறிஸ்துமஸ் பந்தி

“இந்த வருஷமும் அவங்க சாப்பிடலைன்னா, நான் பெட்டியைக் கட்டிருதேன் சிஸ்டர்,” என்றார் தங்கத்துரை.

ரூபாவதி சிஸ்டர் மருந்துச் சீசாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆற்றுக்கு அக்கரையில் மருந்தகம் நடத்துகிறவர். தங்கத்துரையைவிட வயதில் இளையவர், ஊழியத்தில் மூத்தவர். அந்த மலையில் எந்தச் சந்தேகம் வந்தாலும் தங்கத்துரை ஆற்றைக் கடந்து அவரிடம்தான் வருவார்.

“யாரு சாப்பிடலை?”

“ஊரே சாப்பிடலை. மூணு கிறிஸ்துமஸ் ஆச்சு. கூப்பிட்டா வாராங்க, உக்காருதாங்க. ஒரு வாய் வைக்கிறது கிடையாது. இலையோட மடிச்சு எடுத்துட்டுப் போயி, ஊர் எல்லையில மரத்தடியில வச்சிட்டுப் போயிருதாங்க.”

தங்கத்துரை இந்த மலை ஜனங்களிடம் ஊழியத்துக்கு வந்தவர். திருநெல்வேலிப் பக்கம் பந்தி போட்டே பெயர் வாங்கிய குடும்பம் அவருடையது. இங்கே அவர் போட்ட சோற்றை எறும்பு தின்கிறது.

“காரமோ?”

“குறைச்சாச்சு.”

“உப்பு?”

“அவங்க உப்பையே வாங்கிப் போட்டேன். போன வருஷம் ஆடே அவங்க ஆடு. செல்லக்கனி தினமும் ஊருக்குப் போவோம், ஊருக்குப் போவோம்னு அழுதா. நான் என்னத்தச் சொல்ல?”

செல்லக்கனி அவர் மனைவி.

சிஸ்டர் கடைசிச் சீசாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “பந்தியில நீங்க எங்க உக்காருவீங்க அண்ணாச்சி?”

தங்கத்துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நல்ல கேள்வி கேட்டீங்க. வீட்டுக்காரன் பந்தியில உக்காருவானா? கடைசி ஆளு கை கழுவின பிறகுதான் எனக்குச் சோறு. எங்கப்பா அப்படித்தான். அவங்கப்பாவும் அப்படித்தான்.”

“சரி. கிறிஸ்துமஸுக்கு நான் வாரேன்.”

“காரணம் சொல்ல மாட்டீங்களா?”

“பசியோட வாரேன்,” என்றார் சிஸ்டர்.

*

ஆராதனை முடிந்து பாய் விரித்தார்கள். ஊர் ஜனம் தலை குனிந்தபடி வந்து உட்கார்ந்தது. ஊர்த்தலைவர் புத்ரு முதல் இலையில். அவருக்கு எதிரே சிஸ்டர்.

தங்கத்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சோறு போட்டு முடித்துக் குழம்பு வாளியைத் தூக்கினார். ஆண்டவரே, ஒரு வாய். ஒரே ஒரு வாய் தின்னட்டும்.

புத்ரு இலையை மடிக்கத் தொடங்கினார்.

சிஸ்டர் எழுந்து வந்தார். வாளியைப் பிடுங்கிப் பந்தியின் நடுவில் வைத்தார்.

“உக்காருங்க.”

“யாரு பரிமாறுறது?”

“வேணுங்கிறவங்க எடுத்துப் போட்டுக்கிடுவாங்க.”

“விருந்தாளிக்கு முன்னால நான் திங்கவா? மானம் போயிரும் சிஸ்டர்.”

“பெட்டி கட்டுற ஆளுக்கு மானம் எதுக்கு? இடத்தை அடைக்கும்.”

செல்லக்கனி அவருக்கு ஓர் இலை போட்டுச் சோறு வைத்தாள். பக்கத்திலேயே தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நின்று நின்று அவளுக்குக் கால் ஓய்ந்துபோயிருந்தது.

வேறு வழியில்லை. தங்கத்துரையும் உட்கார்ந்தார். திருடித் தின்கிறவன் மாதிரி ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டார்.

புத்ருவின் கை அப்படியே நின்றது. பந்தி முழுவதும் தங்கத்துரையைப் பார்த்தது.

“இந்த வருஷம் உன் வீட்டுல யாரும் சாகலையா?” என்று தங்கள் மொழியில் கேட்டார் புத்ரு.

“சாவா? யாரு செத்தா?”

“அதுதான் எங்களுக்கும் தெரியலை. எங்க ஊர்ல சாவு வீட்டுக்காரங்கதான் தாங்க சாப்பிடாம நின்னு ஊருக்குப் போடுவாங்க. அதை யாரும் வாயில வைக்க மாட்டோம். செத்தவங்க பங்குன்னு மரத்தடியில வச்சிடுவோம். வருஷா வருஷம் இதே நாள்ல உன் வீட்டுல ஒரு சாவு. பாவம், கேட்டா நீ மனசு கஷ்டப்படுவேன்னு யாரும் கேக்கலை.”

தங்கத்துரை வாயில் இருந்த சோற்றை விழுங்கினார். கண் நிறைந்துவிட்டது. செல்லக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

“சாவு இல்லய்யா. ஒரு பிள்ளை பொறந்த நாளு. அதைத்தானே வருஷா வருஷம் சொன்னேன்?”

“சொன்னே,” என்றார் புத்ரு. “நின்னுக்கிட்டுல்ல சொன்னே.”

அவர் மடித்த இலையைப் பிரித்தார். சோற்றில் குழி பறித்துக்கொண்டு, குழம்புக்காக நிமிர்ந்து பார்த்தார்.

தங்கத்துரை பழக்கதோஷத்தில் பாதி எழுந்துவிட்டார்.

சிஸ்டர் அவர் தோளைப் பிடித்து அழுத்தினார்.

“உக்காருங்க அண்ணாச்சி. பிள்ளை பொறந்த வீடுல்லா.”