வெள்ளை மரங்களைக் கழுவிய தாழைக்கோழி

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் மீசை இந்த நிமிடமே உதிர்ந்து நான் குடிக்கிற மோரில் விழட்டும்! சத்தியம், சத்தியம், சத்தியம்! சரி, மீசை இருக்கிறதா? இருக்கிறது. கேளுங்கள்.

வல்லூரணி ஏரிக்குள்ளும் கரையோரமுமாக நாற்பது கடம்ப மரங்கள் நின்றன. ஐப்பசி பிறந்து மழை இறங்கியதும் வடக்கேயிருந்து கூழைக்கடாக்கள் வரும். எத்தனை? அவை வானத்தை மறைத்துக்கொண்டு வருவதைப் பார்த்து, பொழுது சாய்ந்துவிட்டது என்று காக்கைகள் கூட்டுக்குப் போய்விடும். அத்தனை! அந்த மரங்களில் கூடு கட்டும், குஞ்சு பொரிக்கும். சித்திரை வெயில் ஏறியதும் கிளம்பிவிடும். அப்புறம் ஆறு மாதம் கரை வெறிச்சோடிக் கிடக்கும்.

கரையைப் பார்த்துக்கொண்டது செவ்வந்தி என்ற தாழைக்கோழி. நெற்றியில் சிவப்புப் பட்டை, நடையில் ஒரு மிடுக்கு.

"எங்கள் மரங்களைப் பார்த்தீர்களா? இரண்டு காதம் தள்ளி நின்றாலும் வெள்ளை வெளேரென்று தெரியும்!" என்று போகிற வருகிற கொக்குகளிடமெல்லாம் சொல்லும்.

வெள்ளை என்றால் சுண்ணாம்பு அல்ல, விருந்தாளிகள் போட்ட எச்சம். அது தண்ணீரில் விழும், தண்ணீர் உரமேறும், பாசியும் பூச்சியும் மீனும் பெருகும். ஏரியில் எல்லோருக்கும் கோடைச் சாப்பாடு அதனால்தான்.

ஆனால் மரங்களுக்கு வயதாகிவிட்டது. போன பருவத்தில் ஒரு கிளை முறிந்து, கூடு குஞ்சோடு தண்ணீரில் விழுந்தது. பாதி விருந்தாளிகள் பருவம் முடியும் முன்பே பக்கத்து ஏரிக்குப் போய்விட்டார்கள்.

"ஆமையண்ணே, வருகிற ஐப்பசிக்கும் அவர்கள் தங்காவிட்டால் என் குஞ்சுகளுக்கு என்ன கொடுப்பேன்? ஏழு தலைமுறையாக இருந்த கரையை விட்டு ஓட வேண்டியதுதான்!" என்று செவ்வந்தி தன் சிநேகிதனான ஆமையிடம் புலம்பியது.

அந்த நேரம் பார்த்துக் கரை வழியாக ஒரு பெருச்சாளி வந்தது.

"அம்மணி, ஏழு ஊர் நெற்களஞ்சியத்தை உள்ளே இருந்து பார்த்தவன் நான். தங்குமிடம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்! சே, என்ன நாற்றம்! என்ன அழுக்கு! மானமுள்ள பறவை எதுவாவது இங்கே தங்குமா?"

செவ்வந்திக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை நாள் பெருமையாகச் சொன்னதெல்லாம் அழுக்கா?

"என்னிடம் விடுங்கள். பளபளவென்று ஆக்கித் தருகிறேன். கூலியாகக் கரையில் விளைகிற கோரைக்கிழங்கு மட்டும் போதும்!"

ஆமை மெல்லத் தலையை நீட்டியது. "விருந்தாளிகளைக் கேட்டாயா, தங்கச்சி?"

"வடக்கே இருப்பவர்களை எப்படி அண்ணே கேட்பது?"

"வந்த பிறகு கேட்கலாமே."

"நல்ல யோசனை!" என்று சிரித்தது பெருச்சாளி. "விருந்தாளியை வாசலில் நிறுத்தி, எங்கள் வீடு நாறுகிறதா என்று கேட்கப்போகிறீர்களா? வெட்கக்கேடு!"

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. செவ்வந்தி சரி என்றது.

கோடையில் ஏரி நீர் குறைந்து மரத்தடி தெரிந்ததும் வேலை தொடங்கியது. பெருச்சாளி ஒரு கூட்டம் அணில்களைக் கூட்டி வந்தது. அவை பல்லால் சுரண்டின, வாலால் துடைத்தன. பழைய கூடுகளைப் பிய்த்துக் கீழே போட்டன. பெருச்சாளியோ நிழலில் படுத்துக் கிழங்கைக் கடித்தபடி, "டேய், அந்தக் கிளையில் ஒரு புள்ளி பாக்கி!" என்று அதட்டியது. கடைசியில் மரங்கள் மின்னிய மின்னலில், ஒரு மைனா அடிமரத்தில் தன் முகத்தைப் பார்த்துப் பயந்து ஓடியே போய்விட்டது!

ஐப்பசி வந்தது. ஏரி நிரம்பியது. கூழைக்கடாக் கூட்டமும் வந்தது. செவ்வந்தி நெஞ்சை நிமிர்த்திக் கரையில் நின்றது.

கூட்டம் ஒரு வட்டம் அடித்தது. இன்னொரு வட்டம் அடித்தது. மூன்றாவது வட்டத்தில் தலைவிக் கூழைக்கடா குரல் கொடுத்தது. "இது நம் ஏரி இல்லை! நம் ஏரியில் மரம் வெள்ளையாக இருக்கும். போங்கள் தெற்கே!"

"ஐயோ, இதுதான்! இதுதான்!" என்று செவ்வந்தி கத்தியது. மேலே யார் காதிலும் விழவில்லை.

தாழைக்கோழி பனை உயரம் பறந்து யாராவது பார்த்ததுண்டா? அன்று செவ்வந்தி பறந்தது. பனை என்ன பனை, மேகத்திலேயே முட்டி அதன் நெற்றி இன்னும் சிவந்துவிட்டது!

"நில்லுங்கள் அக்கா! நான் வல்லூரணி செவ்வந்தி!"

"வல்லூரணி வெள்ளை ஏரியாச்சே! நீ அந்த ஏரிக்காரிதான் என்பதற்கு என்ன அடையாளம்?"

"போன வருஷம் கிளை முறிந்து உங்கள் மகன் தண்ணீரில் விழவில்லையா? நாணலுக்குள் தள்ளிக்கொண்டு போய் எட்டு நாள் வைத்துக் காப்பாற்றியவள் நான்தான்! என் குஞ்சை மீன் என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டான். எட்டு தடவை துப்ப வைத்தேன்!"

கூழைக்கடா தாடைப் பை குலுங்கச் சிரித்தது. "அட, நீயா! அவன்தான் இதோ என் பின்னால் வருகிறான். சரி, எங்கள் வெள்ளையை ஏனடி கழுவினாய்?"

"நாற்றம் தாங்காமல்தானே பாதிப் பேர் போனீர்கள்?"

"யார் சொன்னது? அது எங்கள் வீட்டு வாசனை! மேலேயிருந்து அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் இறங்குகிறோம். கிளை தாங்கவில்லை, அதனால் போனோம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே!"

செவ்வந்தி அந்த உயரத்திலேயே தலை குனிந்தது. "கேட்காதது என் தப்பு அக்கா. பதினைந்து மரங்கள் இன்னும் உறுதியாக நிற்கின்றன. இந்த வருஷம் அவற்றில் நெருக்கிக்கொண்டு இருங்கள். மற்றவற்றுக்குப் பதிலாக இன்றே புதுக்கன்று வைக்கிறேன்!"

கூட்டம் இறங்கியது.

செவ்வந்தி நேரே பெருச்சாளியிடம் போனது. "உனக்குக் குழி தோண்டத் தெரியுமா?"

"என்ன அம்மணி, அது என் பிறவித் தொழில் ஆச்சே!"

"அப்படியென்றால், தின்ற கிழங்குக்குக் கரையோர மரங்களுக்கடியில் இருபத்தைந்து குழி தோண்டு!"

பெருச்சாளி தோண்டியது. ஆமை கடம்பங்கன்றுகளை முதுகில் ஏற்றி வந்து நட்டது. மேலே நானூறு விருந்தாளிகள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக் குழி முடிந்தபோது, பெருச்சாளி காது முதல் வால் வரை வெள்ளை!

"நாற்றம்! நாற்றம்!" என்று அலறியது.

"சும்மா இரு, இப்போதுதான் பளபளவென்று இருக்கிறாய்!" என்றது ஆமை.

விழுந்த உரத்தில், வெள்ளிக்கிழமை வைத்த கன்றில் திங்கட்கிழமை கூடு கட்டினார்கள். செவ்வந்தியின் குஞ்சுகள் அந்தக் கோடையில் கொழுத்து, நடக்க முடியாமல் உருண்டுகொண்டு போயின. செவ்வந்தியோ நிமிர்ந்த தலையைக் கீழே இறக்கவே இல்லை.

"எங்கள் மரங்களைப் பார்த்தீர்களா? மூன்று காதம் தள்ளி நின்றாலும் தெரியும்!"

ஆகவே பழைய இடத்தைப் புதுப்பிக்க நினைப்பவர்கள், யாரோ ஊட்டிய வெட்கத்தின் பேச்சைக் கேட்காமல், அங்கே தங்குகிறவர்களை முதலில் கேட்க வேண்டும்.

இதைச் சொன்னது யார் என்று மட்டும் வெளியே மூச்சு விட்டுவிடாதீர்கள். அந்தப் பெருச்சாளி இப்போது என் வீட்டுக் கொல்லையில்தான் குடியிருக்கிறது. அதன் மேலிருக்கும் வெள்ளையும் இன்னும் போகவில்லை, கோபமும் போகவில்லை!