கரிச்சான் முழுதாகச் சொன்ன குரல்

ஒரு மலைக்காட்டில் ஆற்றுக்கு இறங்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவே செல்லும் குறுகலான இடுக்கு அது. மேலிருந்து மான்கள் இறங்கும்போது கீழிருந்து காட்டெருமைகள் ஏறினால் நசுங்குவது மான்கள்தாம். ஆகவே விலங்குகள் கூடிப் பேசிச் செந்நாய்களை அங்கே காவலுக்கு வைத்தன. செந்நாய் "நில்" என்றால் நிற்க வேண்டும். "போ" என்றால் போக வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் "நில்" என்று சொல்லிப் பழகிய வாய்க்கு மெல்ல மிடுக்கு ஏறிவிட்டது. தாமிரன் என்ற செந்நாய், வழி காலியாக இருக்கும்போதும் வருகிறவரை நிறுத்தி, "எங்கே போகிறாய்? ஏன் இப்போது போகிறாய்?" என்று குடையும்.

அதே காட்டில் மாயன் என்றொரு கரிச்சான் குருவி இருந்தது. யார் பேசினாலும் அந்தக் குரலிலேயே, ஓர் எழுத்துப் பிசகாமல், திருப்பிச் சொல்லும் திறமை அதற்கு உண்டு. காவலர்கள் பேசுவதைக் கேட்டுவந்து காட்டுக்குச் சொல்வதை அது தன் வேலையாக எடுத்துக்கொண்டது. அதுவும் நல்ல காரியம்தான். ஆனால் கேட்பதற்கு ஒரு கூட்டம் சேர்ந்ததும், காரியத்தைவிடக் கூட்டம் அதற்குப் பெரிதாகிவிட்டது.

ஒருநாள் பொழுது சாயும் வேளையில் வேலம்மை என்ற முள்ளம்பன்றி வாயில் கிழங்கைக் கவ்விக்கொண்டு இடுக்குக்கு வந்தது. அதன் வளை அக்கரையில் இருந்தது. பால்குடி மறவாத இரண்டு குட்டிகள் அங்கே காத்துக்கொண்டிருந்தன.

"நில். என் பக்கம் முகத்தைத் திருப்பு" என்றது தாமிரன்.

வேலம்மை நின்றது. தாமிரன் மேலே ஏதும் கேட்பதற்குள் மாயன் பறந்து வந்து அந்தச் செந்நாயின் காதோரமாகச் சிறகடித்தது.

"பேசுங்கள் காவலரே, பேசுங்கள். எல்லாம் எனக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லுங்கள். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்."

"தள்ளிப் போ. நான் வேலையாக இருக்கிறேன்."

"வேலையா? வழியில் போகிற பெண்ணை மிரட்டுவதுதான் வேலையா? நான் எங்கே வேண்டுமானாலும் இருப்பேன். கேட்பது என் உரிமை."

"கண்ணுக்குள் சிறகை அடிக்கிறாயே. இன்னும் நெருங்கினால் கடித்துக் குதறிவிடுவேன்!"

முள்ளம்பன்றிகள் அஞ்சினால் முதுகைக் காட்டும்; முட்களைச் சிலிர்த்துக் கலகலவென்று ஒலியெழுப்பும். வேலம்மையும் அதையே செய்தது. பறவையின் பக்கம் திரும்பி அதையே பார்த்துக்கொண்டிருந்த தாமிரன், அதன் சிறகுக்கு ஒதுங்கிப் பின்வாங்கி, நேரே அந்த முட்களின்மீது போய் உட்கார்ந்தது.

காடே கேட்கும்படி ஓர் ஊளை எழுந்தது. மற்றச் செந்நாய்கள் ஓடிவந்தன.

"முதுகைக் காட்டி நின்று குத்திவிட்டது" என்றது தாமிரன். முதுகைக் காட்டினால் தாக்கப் போகிறது என்றே செந்நாய்கள் நம்பின. அவை வேலம்மையை ஒரு குழியில் தள்ளி மேலே காவல் இருந்தன.

"ஐயா, குட்டிகள் பசியோடு இருக்கும். அவற்றைப் பார்த்துவிட்டு நானே திரும்பி வருகிறேன்" என்று குழிக்குள்ளிருந்து வேலம்மை கெஞ்சியது.

"அதெல்லாம் விசாரணையில் சொல்லிக்கொள்" என்றன செந்நாய்கள்.

மாயன் அதற்குள் காட்டின் நடுவிலுள்ள மருத மரத்தில் கூட்டம் சேர்த்துவிட்டது. அது சொன்னது இவ்வளவுதான்: "இன்னும் நெருங்கினால் கடித்துக் குதறிவிடுவேன்!" அதன்பின் முட்களின் கலகலப்பு. பாவம், ஒரு தாயைப் பார்த்தா இப்படிச் சொன்னான் என்று விலங்குகள் கொதித்தன. இனி யார் நிறுத்தினாலும் நிற்பதில்லை என்று காட்டெருமைகள் இடுக்குக்குள் பாய்ந்தன. எதிரே வந்த ஒரு மான்குட்டியின் கால் முறிந்தது. செந்நாய்களோ இன்னும் வீம்பு கொண்டன. வேலம்மை குழியிலேயே கிடந்தது. அதை மீட்க வேண்டும் என்ற நினைவு அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் வரவில்லை.

பொழுது விடிந்ததும் வழக்கு, காட்டுக்கு நியாயம் சொல்லும் கரடியாரிடம் வந்தது. குழிக்குப் பக்கத்திலேயே கரையான் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தவர் சலிப்போடு நிமிர்ந்தார்.

"மாயா, நேற்றுக் கேட்டதைச் சொல்."

மாயன் சொன்னது. அதே ஒரு வரி, அதே கலகலப்பு.

"இதற்கு முன்னால் என்ன?"

"முன்னால் ஒன்றும் சுவையாக இல்லை, கரடியாரே."

"சுவைக்கு என்னிடம் தேன் இருக்கிறது. நீ முதலிலிருந்து சொல். எதையாவது விழுங்கினால் அந்தத் தாய் குழியிலேயே இருப்பாள்."

மாயன் குழியைப் பார்த்தது, கூட்டத்தைப் பார்த்தது. பிறகு வேறு வழியின்றி எல்லாவற்றையும் சொன்னது. தன் குரலே தன் வாயிலிருந்து வந்தபோது அதற்குத் தலை தாழ்ந்தது. அந்த மிரட்டல் வேலம்மைக்குச் சொன்னதன்று, பறவைக்குச் சொன்னது என்று எல்லாருக்கும் விளங்கியது. செந்நாய்கள் நிமிர்ந்து நின்றன. ஆனால் குரல் முடியவில்லை. ஊளைக்குப் பின்னால் தாமிரனின் முனகல் ஒன்று கேட்டது:

"அடச்சே, பார்க்காமல் நானே போய் உட்கார்ந்துவிட்டேனே. சரி, அது குத்தியது என்று சொல்லிவிடுவோம்."

செந்நாய்களின் வால்கள் இறங்கின.

"கரடியாரே, இந்தப் பறவை காவலுக்கு ஆபத்து. இடுக்குப் பக்கமே இது வரக்கூடாது என்று ஆணையிடுங்கள்" என்றது தாமிரன்.

"இது வந்திராவிட்டால் உன் பொய் நிலைத்திருக்கும். அதற்காகவே இது வர வேண்டும்" என்றார் கரடியார்.

"அப்படியென்றால் நான் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாமா?" என்று மாயன் துள்ளியது.

"இடுக்குக்கு மேலே நிற்கும் அந்த வேங்கை மரத்து உச்சியிலிருந்து உனக்குக் கேட்குமா?"

"நன்றாகக் கேட்கும்."

"பிறகு ஏன் அவன் காதுக்குள் போய் நின்றாய்?"

மாயன் சிறகை ஒடுக்கிக்கொண்டு வேங்கை மரத்தை அண்ணாந்து பார்த்தது.

"பெரியவர்கள் என்று பெயர், உங்களோடு மாரடிக்க வேண்டியிருக்கிறது" என்று முணுமுணுத்துக்கொண்டே கரடியார் தாமே குழிக்குள் கை நீட்டி வேலம்மையைத் தூக்கிவிட்டார். அது ஒருவரோடும் பேசாமல் வளைக்கு ஓடியது. குட்டிகள் பசியில் துவண்டிருந்தன. ஆனால் உயிரோடு இருந்தன.

மறுநாள் பொழுது சாயும் வேளையில் வேலம்மை மீண்டும் கிழங்கோடு வந்தது. எதிரே காட்டெருமைகள் ஏறிக்கொண்டிருந்தன.

"நில்லம்மா" என்றது தாமிரன்.

வேலம்மை நடுங்கி முதுகைக் காட்டி நின்றது. முட்கள் கலகலத்தன. தாமிரன் எட்டிப் போய்க் காத்திருந்தது. காட்டெருமைகள் கடந்து சென்றன.

"இப்போது போகலாம்."

வேங்கை மரத்து உச்சியிலிருந்து மாயன் அனைத்தையும் கேட்டது. மருத மரத்துக்குப் போய் ஓர் எழுத்து விடாமல் சொன்னது. கேட்க ஒரு கிழட்டு முயல் மட்டும் வந்திருந்தது. அதுவும் பாதியில் தூங்கிவிட்டது. மாயன் ஒரு பெருமூச்சு விட்டு, மீதியையும் சொல்லி முடித்தது.

அதிகாரம் உள்ளவனைக் கண்காணிக்க வேண்டும். ஆனால் கண்காணிப்பவர் விலகி நின்று பார்த்து, பார்த்ததை முழுதாகச் சொன்னால்தான் எளியவருக்குக் காவல் கிடைக்கும்.