கீழ் வீட்டுக்குக் கேட்காத உறுமல்

"டீச்சர், என் ஆம்ப் உறுமணும். ஆனா கீழ் வீட்டுக்குக் கேக்கக் கூடாது. வழி இருக்கா?"

கேட்டவர் தணிகைவேல். வயது ஐம்பத்து நான்கு, பாடியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். டீச்சர் டெல்பினுக்கு முப்பதுகூட ஆகவில்லை. வேப்பேரியில் ஒரு மாடி அறையில் கிடார் சொல்லித்தருகிறார். இவர் அவரை டீச்சர் என்பார், அவர் இவரை சார் என்பார். இரண்டு பேருக்குமே அது விசித்திரமாகத் தோன்றியதில்லை.

"இருக்கு" என்றார் டீச்சர். சொல்லிவிட்டுத் தன் கிடாருக்குச் சுதி சேர்க்க உட்கார்ந்துவிட்டார்.

தணிகைவேல் காத்திருந்தார். ஊரிலுள்ள லாரி டிரைவர்களையெல்லாம் காக்கவைக்கிற மனிதர், தான் காத்திருப்பது அந்த ஓர் அறையில் மட்டும்தான்.

"அவசரம் டீச்சர். வீட்டுக்காரர் சொல்லிட்டாராம். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணு ஆம்ப் போகணும், இல்ல நாங்க போகணுமாம்."

அது வால்வு ஆம்ப், கிடாரின் சத்தத்தைப் பெருக்கித்தரும் கருவி. பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி கண்ணாடிக் குழல்கள் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் எரியும். முழுசாகத் திறந்துவிட்டால் தொட்ட கம்பியெல்லாம் உறுமும். குறைத்து வைத்தாலோ டிபன் பாக்ஸில் மாட்டிக்கொண்ட கொசுதான்.

காலேஜ் நாளில் ஆசைப்பட்டது. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் வாங்க முடிந்தது. அதை விற்க அவருக்கு மனசே வரவில்லை.

டீச்சர் நிமிர்ந்தார்.

"ஆம்ப் ஏன் சார் உறுமுது?"

"சத்தமா வைக்கிறதால."

"இல்ல. போய் யோசிச்சுட்டு வாங்க."

இரண்டு நாள் கழித்து வந்தார்.

"வால்வால முடியுறதுக்கு மேல கொடுக்கிறோம் டீச்சர். அது திணறுது. அந்தத் திணறல்தான் உறுமல்."

"சரி. உங்களுக்குத் திணறல் வேணுமா, சத்தம் வேணுமா?"

"திணறல்தான்."

"அப்ப சத்தத்தை விட்டுருங்க."

டீச்சர் சொன்னது அவ்வளவுதான். தணிகைவேல் புரிந்துகொண்டது வேறு.

சனிக்கிழமை காலை ஆம்பை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஆட்டோக்காரரும் அவருமாக மூச்சு வாங்க மாடிக்குத் தூக்கினார்கள். முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"கண்டுபிடிச்சுட்டேன் டீச்சர்! சத்தம் எங்கேர்ந்து வருது? ஸ்பீக்கர்லேர்ந்து. அதைக் கழட்டிட்டா?"

பின்பக்கத்தில் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினார். வால்யூமை முழுசாகத் திருகினார். அடுத்து சுவிட்சுக்குக் கை போனது.

டீச்சர் அந்தக் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு தணிகைவேல் வாங்கிய முதல் அடி அதுதான்.

"ஸ்பீக்கர் இல்லாம முழுசா வாசிச்சா உள்ள கருகிடும் சார். அப்புறம் விக்கக்கூட முடியாது."

"ஏன் கருகணும்? அதான் யாருக்கும் தொந்தரவே இல்லையே?"

"கொடுக்கிறதை வாங்கிக்க எதிர்ல ஏதாவது ஒண்ணு வேணும். இல்லன்னா அது தன்னையே எரிச்சுக்கும். அது கிடக்கட்டும், ஸ்பீக்கரைக் கழட்டிட்டு நீங்க எதைக் கேப்பீங்க?"

அந்தப் பக்கம் அவர் யோசிக்கவே இல்லை.

டீச்சர் அலமாரியிலிருந்து ஓர் இரும்புப் பெட்டியை எடுத்தார். இரண்டு செங்கல் பருமன் இருக்கும். ஆம்பிலிருந்து ஓர் ஒயரைப் பெட்டிக்குள் செருகினார், பெட்டியிலிருந்து இன்னோர் ஒயரை ஸ்பீக்கரில் செருகினார். வால்யூம் முழுசாகத் திறந்தது திறந்தபடியே இருந்தது. சுவிட்சைப் போட்டு, குழல்கள் சூடேறும் வரை பொறுத்திருந்தார்.

"இப்ப வாசிங்க."

தணிகைவேல் பயந்துகொண்டே ஒரு கம்பியைத் தட்டினார்.

உறுமியது. ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொள்கிற சத்தம்தான். கிட்டே இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது.

"அதே உறுமல் டீச்சர்! அதேதான்!"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் தாங்காமல் வாசித்துக்கொண்டே இருந்தார். டீச்சரும் நிறுத்தச் சொல்லவில்லை. நன்றாக அலுக்கும் வரை விட்டுவிட்டு, "பெட்டியைத் தொட்டுப் பாருங்க" என்றார்.

தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"சுடுது!"

"ஆம்ப் கொடுக்கிறதுல கொஞ்சம்தான் ஸ்பீக்கருக்குப் போகுது. மிச்சத்தையெல்லாம் இது வாங்கிக்குது. சத்தம் போடாது. சூடாகும், அவ்வளவுதான்."

தணிகைவேல் விரலைச் சட்டையில் தேய்த்துக்கொண்டார்.

"இத்தனை மாசமா இந்தப் பெட்டி இல்லாம எப்படி சார் வாசிச்சீங்க? யாரும் சண்டைக்கு வரலையா?"

"வராம? வீட்டுக்காரர் வாசல்ல வந்து நின்னு கத்தினாராம். கீழ் வீட்டுப் பொண்ணு குழந்தை தூங்கலைன்னு அழுதுச்சாம். படிக்கட்டுல பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்களாம்."

"எல்லாம் 'ஆம்'லயே முடியுதே சார். நேர்ல நின்னு கேட்டது யாரு?"

தணிகைவேல் வாயைத் திறந்தார். என் சம்சாரம் என்று சொல்ல வந்தார். கண் அந்தச் சூடான பெட்டிமேல் போனது. விரல் நுனி இன்னும் எரிந்தது.

"பெட்டியை எடுத்துட்டுப் போங்க" என்றார் டீச்சர். "மேல துணி கிணி போட்டு மூடிடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து தணிகைவேல் கூடத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். ஆம்ப் முழுசாகத் திறந்திருந்தது. மனைவி வசுமதி எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

வாசல் மணி அடித்தது.

வசுமதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கதவைத் திறப்பதற்கு முன் ஒரு நொடி நின்றாள். முகத்தைச் சிரித்த மாதிரி ஆக்கிக்கொண்டாள்.

இதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பது அவர் வழக்கம். பார்த்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது.

கிடாரைக் கீழே வைத்தார்.

"நீ உக்காரு வசு."

"வீட்டுக்காரரா இருக்கும்ங்க. உங்களுக்குக் கோவம் வரும். நானே..."

"உக்காரு."

கதவைத் திறந்தார். வீட்டுக்காரர்தான். சண்டைக்குத் தயாராக வந்தவர், எதிரே நிற்கும் ஆளைப் பார்த்துத் தடுமாறினார்.

"என்ன சார், காலைலேர்ந்து சத்தத்தையே காணோம்? வித்துட்டீங்களா?"

"இல்ல சார். முழுசாத் திறந்துதான் வாசிச்சுட்டு இருந்தேன். இனிமேலும் இப்படித்தான். உள்ள வந்து பாக்கறீங்களா?"

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. காதைக் குடைந்து பார்த்துக்கொண்டார்.

"கீழ ஒண்ணுமே கேக்கலையே! சரி, அப்ப இருந்துட்டுப் போகட்டும். ஆனா இத்தனை மாசம் நாங்க பட்ட பாடு இருக்கே... உங்க வீட்டம்மாவைக் கூப்பிடுங்க. அவங்ககிட்ட நாலு வார்த்தை சொன்னாத்தான் எனக்கு ஆறும்."

தணிகைவேல் வாசலுக்கு வெளியே வந்தார். கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்தினார்.

"என்கிட்ட சொல்லுங்க சார்."