தலைவர் கட்டிய சும்மாடு

மூட்டை தூக்கியவர்கள் தொடங்கிய கட்சி அது. இப்போது அதன் வேட்பாளர் அரிசி ஆலை முதலாளி தணிகாசலம். சந்தைக் கூட்டத்துக்கு முன் சுமைக்காரர் மாசாணத்தைக் கூப்பிட்டார்.

“நானும் உங்கள்ல ஒருத்தன்னு இந்தச் சந்தைச் சுமைக்காரங்க முந்நூறு பேரையும் நம்ப வை. இல்லன்னா நாளைக்கு உனக்கு இங்க வேலை கிடையாது.”

“அதுக்கென்ன தலைவரே? மேடையில, உச்சந்தலையில மூட்டை உட்கார ஒரு சும்மாடு சுத்துங்க, போதும்” என்று துண்டை நீட்டினார் மாசாணம்.

மேடையில் தலைவர் அந்தத் துண்டை மடித்து, நெற்றியைச் சுற்றி அழகாகக் கட்டிக்கொண்டு கும்பிட்டார். உச்சந்தலை வழுக்கை பளபளத்தது.

“மூட்டையை எங்கய்யா வைப்பீரு?” என்று சந்தையே சிரித்தது.

“கோயில் கோயிலாப் பரிவட்டம் கட்டின தலை, பாவம்” என்றார் மாசாணம், மைக்கிலேயே.

அவர் வேலை போனது. மறுநாள் முந்நூறு பேரும் மூட்டை தூக்காமல் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை லாரிகள் இறக்க ஆளில்லாமல் நின்றன. மூன்றாம் நாள், மாசாணம் உட்பட எல்லாரையும் வேலைக்கு வரச் சொல்லித் தலைவர் ஆள் அனுப்பினார்.

“நாங்க வர்றோம். ஓட்டு வராதுன்னு சொல்லிடு” என்றார் மாசாணம்.