ஏசாத தெரு

கவுன்சிலராகி ஒரு மழைக்காலம் முடிவதற்குள் சுடலைமணிக்கு வெறுத்துப்போயிற்று. அதே வார்டில் அவனுக்கு முன் கவுன்சிலராக இருந்த சகாயமேரியைத் தேடிப் போனான். அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவள் அவள்தான். வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ராஜினாமா பண்ணப் போறேன்க்கா."

"ஏன்?"

"குழாய்ல தண்ணி வரலன்னா ஏசுதாவ. வந்தா, கலங்கலா வருதுன்னு ஏசுதாவ. காய்ச்ச மரம்தான் கல்லடி படும்னு சொல்லுவீங்க. நான் இன்னும் காய்க்கவே இல்லையே!"

சகாயமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மரியாதை தெரிஞ்ச சனம் பனங்காட்டுத் தெருவுல மட்டும்தான் இருக்கு. போனா நாற்காலி போட்டு, குடிக்கக் கலர் சோடா வாங்கிக் குடுக்காவ" என்றான்.

அவள் கையைக் கழுவி எழுந்தாள்.

"வா. எனக்கும் கலர் வேணும்."

அவன் சொன்னது பொய்யில்லை. பனங்காட்டுத் தெருவுக்குள் நுழைந்ததும் நாற்காலி வந்தது. அந்த வீட்டுப் பேச்சியம்மாள் கடைக்கு ஓடி, இரண்டு ஆரஞ்சு கலர் வாங்கி வந்தாள்.

"ஏதும் குறை உண்டாம்மா?" என்றான்.

"ஒரு குறையும் இல்லய்யா. நீங்க வந்ததே பெருசு."

சுடலைமணி பெருமையாக அக்காவைப் பார்த்தான்.

திரும்பும்போது, மழையில் அடைத்துக்கொண்ட சாக்கடைத் தண்ணீர் தெருவெல்லாம் நின்றது. நடக்கக் கல் போட்டிருந்தார்கள். அவன் பழகியவன்போலத் தாண்டிப் போனான். சகாயமேரி நடுக்கல்லில் நின்றுவிட்டாள்.

"இந்தக் கல்லு யாரு போட்டது?"

"அவங்களேதான்."

"உங்கிட்ட சொன்னாவளா?"

"இல்லயே."

"உங்க வீட்டுல யாருக்குக் கலர் வாங்குவீங்க?"

"விருந்தாளிக்கு."

"உனக்கு?"

"எனக்கு எதுக்கு? நான் வீட்டு ஆளுல்லா..."

மறுநாள் காலையிலேயே ஆட்களோடு அந்தச் சாக்கடையில் நின்றான். பிறகும் அடிக்கடி போனான். ராஜினாமாப் பேச்சு அப்புறம் எழவில்லை.

பொங்கலுக்கு முன் ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தான்.

"அக்கா, பனங்காட்டுத் தெருவுல ஏசிட்டாவ! தெருவிளக்கு எரியலன்னு பேச்சியம்மா பிடிச்ச பிடியில தெருவே கூடிட்டு."

"கலர் குடுத்தாளா?"

"கலரா? தொண்டை வறண்டு தண்ணி கேட்டேன். 'பானை அடுக்களைலதான் இருக்கு, போய் மோந்து குடி'ன்னுட்டா."

சகாயமேரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்போ இப்பத்தாம்ல ஜெயிச்சிருக்க."